எம் பொழப்புல சொல்றதுக்கு என்ன இருக்கு?: தொழில் வாழ்க்கையைக் கேட்டுப் பதிவு செய்ய விரும்புவோரின் கேள்விகள்

நெசவாளர்கள், அச்சுக் கோப்பவர்கள், உப்பளத் தொழிலாளிகள், பழைய தந்தி ஊழியர்கள், பீடி சுற்றும் பெண்கள், தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் என்று பலருடைய உழைப்புக் கதைகளைப் பத்தாண்டுகளுக்கும் மேலாக உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்துவருகிறேன். இதைத் தாங்களும் செய்ய நினைக்கும் மாணவர்களும் ஆசிரியர்களும், தாத்தா பாட்டியின் குரலைச் சேர்த்து வைக்க ஆசைப்படும் பேரப்பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

யாரிடம் பேசுவது? ஏதாவது சாதித்தவர்களாக இருக்க வேண்டுமா?

வேண்டாம். சாதித்தவர்களின் கதையை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். முப்பது வருடம் ஒரே வேலையைச் செய்தவர், பிழைப்புக்காக ஏழெட்டு வேலை மாறியவர், தன் தொழிலே மறைந்து போனதைக் கண்ணால் பார்த்தவர் ஆகியோரைத் தேடிப் போங்கள். அதிலும் மூன்றாம் வகையினருக்கு முன்னுரிமை கொடுங்கள். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலை மாதம் நின்றது. அன்று பணியில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிட்டார்கள் அல்லது ஓய்வை நெருங்கிவிட்டார்கள். ‘தந்தி’ என்று வாசலில் குரல் கேட்டாலே வீட்டில் அழுகை கிளம்பிய காலத்தில், அந்தத் தாளைக் கையில் ஏந்திப் போனவருக்கு எப்படி இருந்தது என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

“எம் பொழப்புல சொல்றதுக்கு என்ன இருக்கு?” என்று மறுத்துவிடுகிறார்களே?

கிட்டத்தட்ட எல்லோரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். இதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு, “இல்லைங்க ஐயா, உங்க வாழ்க்கை ஒரு பெரிய வரலாறு” என்று புகழத் தொடங்காதீர்கள். புகழ்ந்தால் இன்னும் ஒதுங்கிக்கொள்வார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது உண்மையான கேள்வி. இத்தனை வருடத்தில் யாரும் அவர்களிடம் அதைக் கேட்டதில்லை. சொல்லத் தகுந்தது எது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நான் செய்வது இதுதான். முதல் நாள் பேட்டி என்ற சொல்லையே எடுப்பதில்லை. வேலை நடக்கும் இடத்துக்கோ, வேலை நடந்த இடத்துக்கோ போய் உட்காருவேன். கருவி ஏதாவது மிச்சமிருந்தால் கையில் எடுத்துக் காட்டச் சொல்வேன். காஞ்சிபுரத்தில் ஒரு பெரியவர், “ஒண்ணுமில்லப்பா, நெய்தேன், சாப்பிட்டேன், அவ்வளவுதான்” என்றார். தறியில் ஊடை நூலை இரு பக்கமும் கொண்டுபோகும் நாடாவைக் கையில் எடுத்து, “இந்த நாடா இவ்வளவு வழுவழுப்பா இருக்கே, புதுசிலேயே இப்படியா?” என்று கேட்டேன். அவர் அதை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். மாலை வரை நிறுத்தவில்லை.

எந்தக் கேள்வியில் தொடங்க வேண்டும்?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பதிவு நன்றாக வருவதும் வராமல் போவதும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

“உங்கள் வாழ்க்கை அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்று கேட்டால் மேடைப் பேச்சு வரும். கஷ்டப்பட்டேன், கடவுள் காப்பாற்றினார், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன் என்று மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு சொல்லும் உண்மைதான், ஆனால் அந்த மூன்று நிமிடத்தை யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அந்த ஆள் அதில் இருக்க மாட்டார்.

கையைப் பற்றிக் கேளுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எந்தக் கையில் என்ன பிடித்தீர்கள், நின்றீர்களா உட்கார்ந்தீர்களா, எங்கே வலித்தது, மத்தியானச் சாப்பாடு எங்கிருந்து வந்தது, மேஸ்திரி உங்களை எப்படிக் கூப்பிட்டார்? ஒரு நாளை முழுதாக, விடிந்தது முதல் படுத்தது வரை சொல்ல வையுங்கள். வாழ்க்கை அதற்குள்ளிருந்து தானாக வரும்.

மேலே சொன்ன நெசவாளரையே எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் இரண்டையும் ஒன்றோடொன்று கோத்து, அதாவது கோர்வை போட்டு, நெய்ய வேண்டும். மூன்று நாடா ஓடும். ஒருவர் மட்டும் உட்கார்ந்து செய்கிற வேலை அல்ல, பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். இது எனக்குத் தெரிந்திருந்ததால், “உங்களுக்குக் கோர்வைக்கு யார் உட்கார்ந்தாங்க?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “எந்தங்கச்சி. ஒன்பது வயசு. நான் நெய்யணும்னா அவ உட்காரணும். அதனால அவ பள்ளிக்கூடம் போகல” என்றார். தங்கையைப் பற்றி நான் கேட்கவில்லை. குடும்பத்தைப் பற்றியும் கேட்கவில்லை. தறியைப் பற்றிக் கேட்டேன். அறுபது வருடமாக அவர் மனசில் கிடந்தது அந்த வழியாக வெளியே வந்தது.

தூத்துக்குடி உப்பளத்தில் கேட்க வேண்டிய கேள்வி மழையைப் பற்றியது. “ஐப்பசி, கார்த்திகையில என்ன செய்வீங்க அண்ணாச்சி?” உப்பு விளையாத மாதங்கள் அவை. கடன், வட்டி, நகை அடகு, மகள் கல்யாணம் தள்ளிப்போனது எல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் வரிசையாக நிற்கின்றன. மழைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் என்று தமிழ்நாடு அரசு 2022இல் கொடுக்கத் தொடங்கியது. அந்தப் பணம் வராத முந்தைய வருடங்கள் எப்படிக் கழிந்தன என்பது பேசியவர்களின் குரலில் மட்டுமே இருக்கிறது.

கேள்விகளை எழுதிக்கொண்டு போகலாமா?

எழுதுங்கள், மனப்பாடம் ஆகும்வரை படியுங்கள், பிறகு பையில் வைத்துவிடுங்கள். தாளைப் பார்த்துக் கேட்டால் எதிரில் இருப்பவர் கணக்கெடுப்புக்கு வந்தவருக்குப் பதில் சொல்வதுபோல் ஒற்றை வார்த்தையில் முடிப்பார்.

அந்தத் தொழிலைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது. போகலாமா?

போகலாம், ஆனால் வெறும் கையோடு போகாதீர்கள். கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது அவருக்குக் காட்டும் மரியாதை. எல்லாம் தெரிந்தவர்போல் நடிப்பது அவமரியாதை. இரண்டுக்கும் நடுவில் நிற்கப் பழக வேண்டும்.

என் முதல் பதிவுகளில் ஒன்று, ஒரு சிறு அச்சகத்தில் நாற்பது வருடம் அச்சுக் கோத்த ஒருவருடையது. போவதற்கு முன், 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்ததைப் படித்திருந்தேன். ணா, றா, னா ஆகியவற்றின் பழைய வளைந்த வடிவங்களும், லை, ளை, ணை, னை ஆகியவற்றின் தும்பிக்கை வடிவங்களும் போய், இன்று நாம் எழுதும் வடிவங்கள் வந்தன. பெரியார் 1935இலேயே தம் இதழில் கையாண்ட முறை அது. பள்ளிக்கூடத்தில் அது இலக்கணச் செய்தி. அச்சுக் கோப்பவருக்கு? “அந்த வருஷம் என் கேஸ்ல சில அறை காலியாச்சு” என்றார் அவர். கேஸ் என்பது ஈய எழுத்துகளைப் பிரித்துப் போட்டு வைக்கும் அறைகள் கொண்ட தட்டு. “கை பழகின இடம். ஆறு மாசம் வரைக்கும் கை அங்கதான் போகும். காலி அறையில விரல் தட்டும்.” ஈய எழுத்தைத் தலைகீழாக, இடவலம் மாறிப் படிக்கப் பழகிய கண் அவருடையது. கடைசி வரை பேருந்துப் பலகையைக்கூட முதலில் ஒவ்வொரு எழுத்தாகத்தான் பார்ப்பேன், பிறகுதான் ஊர்ப் பெயராகத் தெரியும் என்றார். இதை எந்த ஆணையிலும் படித்திருக்க முடியாது. ஆனால் ஆணையைப் படித்திருக்காவிட்டால் இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே முடியாது.

எப்படிக் கூப்பிடுவது? சார், மேடம் போதுமா?

அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு ‘சார்’ இயல்பாக இருக்கும். மற்ற இடங்களில் அந்த ஊர் எப்படிக் கூப்பிடுகிறதோ அப்படி. தெற்கே அண்ணாச்சி, கொங்குப் பக்கம் வயதான பெண்களை அம்மாயி, பல ஊர்களில் அக்கா, பெரியம்மா, தாத்தா. சந்தேகமாக இருந்தால் ‘ஐயா’, ‘அம்மா’ எங்கும் தவறாகாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். துப்புரவுப் பணியாளரையும் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியரையும் ஒரே மரியாதையோடு, ‘நீங்க’ என்றே பேசுங்கள். எங்கள் குழுவில் ஒரு தம்பி தன்னையறியாமல் ஒருவரிடம் ‘நீ’ என்று தொடங்கிவிட்டான். அந்தப் பதிவை அன்றே நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, வேறொரு நாள் போனோம்.

பல தொழில் மாறியவர்களின் கதையை எப்படி ஒழுங்குபடுத்துவது?

ஒழுங்குபடுத்த அவசரப்படாதீர்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறிய அந்த நாளைக் கேளுங்கள். யார் சொன்னார்கள், எந்த வண்டியில் போனீர்கள், பழைய இடத்தில் யாரிடம் சொல்லிக்கொண்டு வந்தீர்கள்?

நீலகிரியில் சந்தித்த ஒரு அம்மாவின் வாழ்க்கை இப்படிப்பட்டது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவானது. மூன்று லட்சம் பேருக்கு இலங்கைக் குடியுரிமை. தாளில் அது கணக்கு. அந்த அம்மாவுக்கு அது லயத்துக் காம்பராவை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் அறையை) பூட்டிய காலை, தலைமன்னாரில் ஏறிய கப்பல், மண்டபம் முகாமில் நின்ற வரிசை. கொழுந்து பறிக்க மட்டுமே தெரிந்த அவரை முதலில் அனுப்பியது சமவெளியில் ஒரு நூற்பாலைக்கு. இயந்திரச் சத்தம் தாங்கவில்லை. பிறகு சாலை போடும் வேலை, அதன்பின் வீட்டு வேலை, கடைசியில்தான் கூடலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டம். தாயகம் திரும்பியோருக்காகவே உருவானது அந்த டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்). “மறுபடி கூடையை முதுகுல மாட்டினப்ப அழுதேன்” என்றார். சந்தோஷத்திலா துக்கத்திலா என்று நான் கேட்கவில்லை. சில இடங்களில் கேள்வி கேட்காமல் இருப்பதும் வேலையின் ஒரு பகுதி.

அவர் பேச்சில் பெரட்டு (காலையில் ஆளெடுக்கும் இடம்), கங்காணி (மேற்பார்வையாளர்), கவ்வாத்து (செடியை வெட்டிவிடுவது) என்ற தோட்டத்துச் சொற்கள் இயல்பாக வந்துகொண்டே இருந்தன. இங்கே வந்து ஐம்பது வருடமாகியும் பக்கத்து ஊரார் அவரைச் ‘சிலோன்காரம்மா’ என்றுதான் சொல்கிறார்கள்.

“வீட்ல சும்மாதான் இருந்தேன்” என்று சொல்லும் பெண்களிடம் என்ன கேட்பது?

அந்தச் ‘சும்மா’வைத்தான் கேட்க வேண்டும். திருநெல்வேலி, தென்காசிப் பகுதியில் ஒரு பெரியம்மா, “நான் வேலைக்கெல்லாம் போகல, சும்மாதான் இருந்தேன்” என்று சொல்லிக்கொண்டே மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். இலை நனைப்பது, வெட்டுவது, தூள் வைத்துச் சுருட்டுவது, நூல் கட்டுவது எல்லாம் பேச்சுக்கிடையிலேயே நடந்தன. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. கடையில் சரியில்லை என்று கழித்துவிட்டால் அந்த உழைப்பு போனதுதான். பதின்மூன்று வயதில் தொடங்கிய வேலை. தன் கல்யாணத்துக்கு முதல் நாளும் சுற்றினார், மகன் பிறந்து ஒரு மாதத்தில் மறுபடி உட்கார்ந்தார்.

வெளியே போய்ச் செய்தால்தான் வேலை என்று நாம் எல்லோருமாகச் சேர்ந்து அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். எனவே “என்ன வேலை பார்த்தீங்க?” என்று கேட்காதீர்கள். “வீட்டுக்குக் காசு எங்கேயிருந்தெல்லாம் வந்துச்சு?” என்று கேளுங்கள். ஆடு, கோழி, பூக்கட்டு, இட்லி வியாபாரம், சீட்டு என்று எல்லாம் வரும். முடிந்தவரை வீட்டு ஆண்கள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் போங்கள், போகிறவரும் பெண்ணாக இருந்தால் நல்லது. கணவர் எதிரில் இருந்தால் பதிலை அவரே சொல்லிவிடுவார்.

சம்பளத்தைக் கேட்கலாமா?

கேட்க வேண்டும். முதல் சம்பளம் எவ்வளவு, அதில் முதலில் வாங்கியது என்ன என்று சேர்த்துக் கேளுங்கள். தொகை மறந்தவர்களுக்கும் வாங்கிய பொருள் மறக்காது.

ஆண்டையும் தேதியையும் தவறாகச் சொன்னால் திருத்தலாமா?

உடனே குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். நம் பெரியவர்கள் வருடத்தை எண்ணாகச் சொல்வதில்லை, நிகழ்ச்சியாகச் சொல்வார்கள். “தனுஷ்கோடி அழிஞ்ச புயலுக்கு முந்தின வருஷம்” என்றால் 1963 (அந்தப் புயல் 1964 டிசம்பர் 22 இரவு). “அண்ணா செத்தப்ப” என்றால் 1969 பிப்ரவரி. “எம்ஜிஆர் செத்தப்ப” என்றால் 1987 டிசம்பர். சுனாமி 2004. உங்கள் ஊர்ப் பெருவெள்ளம், ஆலை மூடிய வருடம், மின்சாரம் வந்த வருடம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துப் பிறகு நிதானமாகக் கணக்கிடலாம்.

ஆனால் தவறான நினைவைத் தூக்கி எறியாதீர்கள். இத்தாலியில் தெர்னி என்றொரு எஃகு ஆலை நகரம். 1949 மார்ச்சில் நேட்டோவுக்கு எதிரான ஊர்வலத்தில் லூயிஜி திரஸ்துல்லி என்ற இளந்தொழிலாளி போலீசாரால் கொல்லப்பட்டார். பிற்காலத்தில் அலெசாந்த்ரோ போர்த்தெல்லி என்ற ஆய்வாளர் அந்த ஊர்த் தொழிலாளரிடம் பேசியபோது, பலர் அவர் இறந்தது 1953இல், ஆலையில் ஆயிரக்கணக்கானோரை வேலையைவிட்டு நீக்கியபோது நடந்த போராட்டத்தில் என்றார்கள். நான்கு வருடம் தள்ளிப் போய்விட்டது அந்தச் சாவு. அத்தனை பேருக்கும் ஞாபகமறதி என்று சொல்லிவிட முடியுமா? தங்கள் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது அந்த வேலைநீக்கம், எனவே தங்கள் தோழனின் சாவும் அங்கேதான் பொருந்துகிறது என்று அவர்கள் மனம் முடிவு செய்திருந்தது. தேதியை ஆவணத்தில் பார்த்துக்கொள்ளலாம். இந்த இடமாற்றம் எந்த ஆவணத்திலும் இருக்காது. இரண்டையும் பதிவு செய்யுங்கள். சரியான தேதியை அடிக்குறிப்பில் போட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே விடுங்கள்.

பேசும்போது அழுதுவிட்டால்?

பதிவை நிறுத்தட்டுமா என்று கேளுங்கள். தண்ணீர் கொடுங்கள். “அழாதீங்க” என்று சொல்லாதீர்கள். பலர் கொஞ்ச நேரத்தில் தாங்களே தொடர்வார்கள். தொடராவிட்டால் அன்று அவ்வளவுதான், கிளம்பி வந்து, இரண்டு நாள் கழித்துப் பேட்டிக்காக இல்லாமல் சும்மா ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பதிவு செய்ய என்ன கருவி வேண்டும்?

கைப்பேசி போதும். விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து எல்லாம் கெடும். பேசுபவருக்கு ஒரு முழத் தூரத்தில், ஒரு துண்டைப் போட்டு அதன்மேல் வையுங்கள். வேவ் (WAV) வடிவத்தில் ஒற்றைத் தடத்தில் (மோனோ) பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 300 எம்பி ஆகும், இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். மின்விசிறி பெரிய எதிரி. வெயில் காலத்தில் வயதானவர்களை விசிறி இல்லாமல் உட்கார வைக்கக் கூடாது, அதனால் அதிகாலையில் போங்கள். குக்கர் விசில், கோயில் ஒலிபெருக்கி, குழந்தை அழுகை வந்தால் வரட்டும். அன்றே இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். என் அலட்சியத்தால் ஒரு ரயில்வே கேங்மேனின் நான்கு மணி நேரப் பேச்சு அழிந்தது. மறுபடி போவதற்குள் அவர் காலமாகிவிட்டார். அவர் குரலில் இன்று ஒரு சொல்கூட இல்லை. அதை நினைக்காமல் நான் கருவியைக் கையில் எடுப்பதில்லை.

எழுத்தாக்கும்போது பேச்சு வழக்கைத் திருத்தலாமா?

அவர் வாயில் வந்த சொல்லை மாற்றாதீர்கள். ‘வேலை’யைச் ‘சோலி’ என்று சொன்னால் சோலிதான். வட்டாரச் சொல்லுக்குப் பொருள் வேண்டுமானால் பக்கத்தில் குறிக்கலாம். ஒரே வாக்கியத்தை மூன்று முறை சொன்னால், படிப்பவருக்காக ஒன்றாக்கலாம், ஒலிப்பதிவு முழுதாக இருக்கிறதே. ஒரு மணி நேரப் பேச்சை எழுத எனக்கு ஆறேழு மணி நேரம் பிடிக்கிறது. அதைக் கணக்கில் வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுங்கள்.

எங்கே சேர்த்து வைப்பது?

முதல் நகல் பேசியவர் வீட்டுக்கு. பேரப்பிள்ளையின் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பிறகு ஊர் நூலகம், கல்லூரியின் வரலாற்றுத் துறை. ஈழத்து, மலையகத் தமிழர் சார்ந்தவை என்றால் 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற இணைய ஆவணக நிறுவனத்தைப் பாருங்கள், வாய்மொழி வரலாறுகளையும் அவர்கள் சேகரிக்கிறார்கள். கிராமத்து உழைப்பாளிகளைப் பற்றி எப்படி எழுதலாம் என்று தெரிந்துகொள்ள, 2014இல் பத்திரிகையாளர் சாய்நாத் தொடங்கிய பாரி (PARI, கிராமப்புற இந்தியாவுக்கான மக்கள் ஆவணகம்) இணையதளத்தின் தமிழ்ப் பக்கங்களைப் படியுங்கள்.

அனுமதி எப்படி வாங்குவது? பேசியதை நீக்கச் சொன்னால்?

தொடங்கும்போது ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை என்று இரண்டு முறை கேளுங்கள். முதலில் கேட்கும்போது என்ன பேசப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது. அதனால் இரண்டாவது அனுமதிதான் முக்கியம். பெயர் போடலாமா, ஊர் போடலாமா, யார் கேட்கலாம் என்பதைத் தனித்தனியாகக் கேளுங்கள். முதலாளியைப் பற்றியோ சாதிக் கொடுமையைப் பற்றியோ சொல்லியிருந்தால், அதனால் அவருக்கு நாளை ஊரில் என்ன நேரும் என்று அவரோடு உட்கார்ந்து யோசியுங்கள். நீக்கச் சொன்னால் நீக்க வேண்டும். காரணம் கேட்காதீர்கள்.

எழுதிய படியை வாசித்துக் காட்டாமல் எதையும் வெளியிடாதீர்கள். அச்சுக் கோத்த அந்தப் பெரியவரிடம் பன்னிரண்டு பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, வாசித்துக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். இரண்டு ஒற்றுப் பிழை, ஒரு எழுத்துப் பிழை. மூன்றையும் சுழித்து, ஓரத்தில் புரூஃப் குறி போட்டார். எட்டாம் பக்கத்தில் தன் அண்ணனோடு வந்த சண்டையைப் பற்றிய பத்தி இருந்தது. அதை முழுவதும் படித்தார், மறுபடி ஒருமுறை படித்தார், பிறகு மேலிருந்து கீழாக ஒரே கோடாக இழுத்து, பக்கத்தில் ‘எடு’ என்று எழுதினார். எடுத்துவிட்டோம். கடைசிப் பக்கத்தின் கீழே, நாற்பது வருடமாக அச்சுக்குப் போகும் ஒவ்வொரு படியிலும் எழுதியதைப்போல, ‘திருத்தி அச்சிடலாம்’ என்று எழுதித் தேதி போட்டுக் கொடுத்தார்.